முந்தல் தையற்காரரை நான் மீனவராக்கிய கதை

புதிதாக வந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஒரு தகவல். சுற்றறிக்கைகள் இரண்டாவது அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. படிவங்களை எப்படி நிரப்புவது என்று அங்கே விளக்கமாக இருக்கிறது. நான் எழுதப்போவது எந்தத் தட்டிலும் இல்லை.

இப்படி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஆனால் ஒன்பது வருடம் கலாசார உத்தியோகத்தராக இருந்த இந்த மேசையை விட்டு அடுத்த கிழமை வேறு மாவட்டத்துக்குப் போகிறேன். மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், கதைக்கு அது தேவை. கல்பிட்டிக் கரையில் மீன்பிடிக்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். நியமனக் கடிதம் வந்தபோது அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வாசிக்கத் தெரியாதவர் என்பதால் ஒரு கிழமை அது தலைகீழாகத் தொங்கியது. அந்தப் பெருமையை நான் இன்றும் மறைப்பதில்லை. ஆனால் அந்தப் பெருமையோடுதான் இந்தத் தவறையும் செய்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் கரையோரத்தின் அடையாளத்தைக் காட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நான்கு நாள் அவகாசம். தெருவோரப் பலகைக்கும் நாட்காட்டிக்கும் கையேட்டுக்கும் அந்த ஒரே படம்தான். பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், நீங்க கடக்கரைப் பிள்ளைதானே. ஒரு மீனவர். பார்த்த உடனே மீனவர் எண்டு தெரிய வேணும். அவ்வளவுதான்."

படப்பிடிப்பாளர் ரொஷான் சிலாபத்துக்காரன். தமிழைச் சிங்களத்தோடு கலந்து பேசுவான், நல்ல கண் உள்ளவன். இருவரும் விடியற்காலை எங்கள் ஊர்க் கரைக்குப் போனோம். பதினொரு வள்ளங்கள் வந்து சேர்கிற கரை அது. அப்பாவின் வள்ளம் முதலில் வந்தது. பிளாஸ்டிக் வள்ளம், பின்னால் எஞ்சின். அப்பா போட்டிருந்தது ஏதோ ஒரு நாட்டுப் பந்தாட்ட அணியின் செம்மஞ்சள் சட்டை, முதுகில் பத்து. கீழே காற்சட்டை. கழுத்தில் பொலித்தீன் பைக்குள் கட்டிய தொலைபேசி. கறுப்புக் கண்ணாடி வேறு.

ரொஷான் கமராவைத் தூக்கினான், பிறகு இறக்கினான்.

"அனே மிஸ், இவங்க மீனவர் மாதிரி இல்லையே."

நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், நானும் தலையாட்டினேன். படித்த பாடப் புத்தகங்களிலெல்லாம் இருந்த மீனவர் ஒருவர் என் தலைக்குள்ளே நின்றார். அவருக்கு வெள்ளைத் தாடி, தலையில் துண்டு, இடுப்பில் சாரம், தோளில் வலை. என்னைப் படிக்கவைத்த மனிதர் அவரைப் போல இல்லை.

அப்பா எஞ்சினைத் தூக்கி வைத்தபடி கேட்டார். "நாங்க மீனவர் மாதிரி இல்லாட்டி வேற ஆர் மாதிரி, மகள்?"

"கோபிக்காதீங்கப்பா. இது படத்துக்கு."

"படத்துக்கு வேற மீன் இருக்கோ?" என்று பக்கத்து வள்ளத்துச் சூசை மாமா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் முந்தலில் என் சட்டையொன்றை வாங்க ரஹீம் நானாவின் தையற்கடைக்குள் நுழைந்தேன். ரொஷான் என் பின்னால் வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். நானா இயந்திரத்தின் முன்னால் குனிந்திருந்தார். உப்புக் காற்றிலே வெளுத்தது போன்ற தாடி. நெற்றியில் சுருக்கங்கள். தூரத்தைப் பார்ப்பது போன்ற கண்கள், அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஊசிக்காதை என்றாலும்.

"ஹரி, சரி மிஸ்," என்றான் ரொஷான் மெதுவாக. "ஆள் கிடைச்சாச்சு."

ரஹீம் நானாவுக்குத் தண்ணீரென்றால் பயம். உச்சமுனைத் தீவில் இருக்கும் வாடிக்கையாளர்கள் வள்ளத்தில் இக்கரைக்கு வந்துதான் அளவு கொடுப்பார்கள். அவர் அந்தத் தீவுக்கு ஒருநாளும் போனதில்லை. படமெடுக்கச் சம்மதித்தார், ஆனால் கடலுக்குக் கிட்ட வர மறுத்தார். ஆகவே பக்கத்திலிருந்த இறால் பண்ணைக் குளத்தின் வரம்பில் நிறுத்தினோம். வலைக்கு எங்கே போவது? பாடசாலையில் கேட்டு ஒரு கரப்பந்து வலையை வாங்கி வந்தேன். வலை சாயுங்கால விளையாட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். துடுப்பு மட்டும் உண்மையானது.

இப்படித்தான் எங்கள் கரையோரத்தின் அடையாளம் பிறந்தது. ஆள் தையற்காரர். கடல் இறால் குளம். வலை கரப்பந்து வலை.

படம் மிக அழகாக வந்திருந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அதன்பிறகு நடந்ததற்கு நான் தயாராக இருக்கவில்லை. புத்தளம் வீதியில் பலகை எழுந்தது. பஸ்களின் முதுகில் நானா வந்தார். நாட்காட்டியில் பன்னிரண்டு மாதமும் அவரே. கடைக்கு வெளியூர் ஆட்கள் வந்து அவரோடு படமெடுத்தார்கள். முதலில் வெட்கப்பட்டவர் மெல்ல மெல்ல நடையை மாற்றிக்கொண்டார், காலை அகட்டி, வள்ளத்தில் நிற்பவரைப் போல. காற்சட்டைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே, "நாளைக்கு வாடைக் காத்து திரும்பும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

சிரிப்பதற்கில்லை. ஆட்கள் அதை நம்பினார்கள்.

"முந்தல் ஆள் சொன்னாராம் எண்டு நேத்து ரெண்டு வள்ளம் போகேல்லை," என்று அப்பா ஒருநாள் சொன்னார். "கடல் குளம் மாதிரிக் கிடந்தது."

"அவர் தையற்காரர் எண்டு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா படத்தில இருக்கிறாரே."

அதே வருடம் சித்திரப் போட்டி நடத்தினோம். தலைப்பு மீனவர். எழுபது பிள்ளைகளுக்கு மேல் வரைந்திருந்தார்கள், ஏறக்குறைய எல்லாத் தாளிலும் வெள்ளைத் தாடி. வலையின் மேல்விளிம்பில் கரப்பந்து வலைக்குரிய அந்த வெள்ளைப் பட்டியையும் தவறாமல் வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சிறுமி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுடைய தகப்பன் தினமும் கடலுக்குப் போகிறவர்.

"அப்பாவை வரையலாமே, பிள்ளை?" என்றேன்.

அவள் என்னை ஒன்றும் அறியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அப்பா மீன் பிடிக்கிறவர், மிஸ். இது மீனவர்."

அன்றைக்கே நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அவளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தேன்.

இனி நெருக்கடிக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கரையில் உல்லாசக் குடில்கள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. கரையில் பாரம்பரிய மீனவர்கள் உண்மையாகவே தொழில் செய்கிறார்கள் என்று கண்டால் ஒரு துண்டு நிலத்தை அவர்களுக்கு விடுவார்கள். இல்லையென்றால் பதினொரு வள்ளமும் தொலைவில் வேறு கரைக்குப் போக வேண்டும். அந்தக் கரையில் கல். வள்ளத்தை ஏற்றினால் அடி கிழியும். கொழும்பிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு பார்த்து அறிக்கை எழுத வருவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தோடு, பாரம்பரிய மீனவர் என்றால் யார் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு படம் இணைத்திருந்தார்கள்.

ரஹீம் நானா இறால் குளத்தின் முன்னால் நின்றார்.

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பதிகாரியிடம் ஓடினேன். அவருக்குப் பயமே இல்லை.

"எங்கட ஆக்கள் படம் மாதிரி இல்லை. அவ்வளவுதானே பிரச்சினை? படம் மாதிரி ஆக்குவம்."

"சேர், அவங்கதான் உண்மையான ஆக்கள்."

"உண்மை எண்டு குழுவுக்குத் தெரிய வேணுமே, மிஸ். உடுப்பு மாத்தினா முடிஞ்சுது."

எனக்கு அப்போது நிரந்தர நியமனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன். வள்ளத்துக்கு இருவர் என்று இருபத்திரண்டு பேருக்கு ஒரே சதுரக் கோட்டுத் துணியில் சாரமும் தலைத்துண்டும் கையில்லாச் சட்டையும் தைப்பதென்று முடிவாயிற்று. தைத்தது யாரென்று சொல்லத் தேவையில்லை. நானா மிகவும் பொறுப்பாகத் தைத்தார். மீனவர் உடுப்பைப் பற்றித் தனக்குத்தான் தெரியும் என்பது போல யோசனைகளும் சொன்னார்.

கரையில் உடுப்பைப் பிரித்தபோது அப்பா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில போனை எங்க வைக்கிற?"

"மீனவருக்குப் பொக்கற் இல்லை, மாமா," என்றான் ரொஷான்.

"ஆர் சொன்னது?"

"படத்தில இல்லை."

கரைக்காக என்பதால் எல்லாரும் உடுத்தினார்கள். பந்தாட்டச் சட்டைக்கு மேலேயே உடுத்தினார்கள், தடிப்பாக இருந்தார்கள். சூசை மாமா மட்டும் மறுத்துவிட்டார். "என்ட கரையில நிக்கிறதுக்கு நான் வேசம் போட ஏலாது" என்று சொல்லி, தன் மருமகனோடு வழக்கம்போலக் கடலுக்குப் போய்விட்டார். மிச்சம் இருபது பேர்.

குழு காலை ஒன்பது மணிக்கு வந்தது. தலைவி ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். பெரிய வைக்கோல் தொப்பி. நிதானமான, திருத்தமான தமிழ். அவரோடு வந்தவர்களில் ஒருவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மற்றவர் குறிப்பெழுதுகிறவர். வரிசையாக நின்ற இருபது பேரையும் தலைவி பார்த்தார். ஒரே துணி, ஒரே மடிப்பு. விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சி காட்ட வந்தவர்களைப் போல இருந்தார்கள்.

கையேட்டை விரித்து விரலை வைத்தார். "இந்தப் பெரியவர் எங்கே?"

பொறுப்பதிகாரி அதற்கும் ஆயத்தமாக இருந்தார். ரஹீம் நானாவைத் தென்னை நிழலிலிருந்து கூட்டி வந்தார்கள். தோளில், பாடசாலையில் மறுபடியும் கேட்டு வாங்கிய அதே கரப்பந்து வலை. தலைவியின் முகம் மலர்ந்தது.

"ஐயா, எங்களை உங்கள் வள்ளத்தில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போவீர்களா? கொஞ்சத் தூரம் போதும்."

நானா ஓரடி பின்னால் வைத்தார். கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இண்டைக்குக் காத்து சரியில்ல, மேடம்."

கடல் இஸ்திரி போட்டது போலக் கிடந்தது. இருபது மீனவர்களும் அதைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள்.

"பாருங்கள், இதுதான் பாரம்பரிய அறிவு," என்றார் தலைவி. குறிப்பெழுதுகிறவர் எழுதிக்கொண்டார். கழுத்துப்பட்டிக்காரர் தூரத்தைக் காட்டினார். "அப்படியென்றால் அங்கே ஒரு வள்ளம் வருகிறதே?"

சூசை மாமா.

"அவனுக்குப் பைத்தியம்," என்றார் நானா.

தலைவி விடவில்லை. கரையோடு ஒட்டியே போகலாம் என்றார். பொறுப்பதிகாரி அதற்குள் அப்பாவின் வள்ளத்தைத் தண்ணீருக்குத் திருப்பச் சொல்லிவிட்டார். நானா என் கையைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது.

"மகள், எனக்கு நீந்தத் தெரியா. நான் எப்படி ஏறுற?"

"ஏறாதீங்க நானா, நான் உண்மையைச் சொல்லுறன்."

"சொல்லாதீங்க மகள். கரை போயிடும். நான் கண்ணை மூடிட்டு ஏறுறன்."

இதுதான் அந்த அரை நிமிடம். வேலையில் இப்படி ஓர் அரை நிமிடம் உங்களுக்கும் வரும். பேசாமல் இருந்தால் கரை கிடைக்கலாம், வேலையும் நிற்கும். பேசினால் பதினொரு வீட்டின் பிழைப்பு என் நாக்கால் போகலாம். அதில் ஒரு வீடு என்னுடையது. மற்றப் பக்கத்தில், நீந்தத் தெரியாத ஒரு முதியவர் எங்களுக்காகத் தண்ணீரில் கால் வைக்கப் போகிறார். நான் நியாயங்களை நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். அவருடைய கை குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"மேடம்," என்றேன், "இவர் மீனவர் இல்லை. முந்தலில் தையற்கடை வைத்திருக்கிறார். படத்தை எடுப்பித்தவள் நான்."

பொறுப்பதிகாரி தொப்பி போடாமலே தொப்பியைச் சரிசெய்வது போலத் தலையைத் தொட்டார்.

தலைவி கையேட்டை மெதுவாக மூடினார். "அப்படியானால் மீனவர் யார்?"

நான் அப்பாவைக் காட்டினேன். புதுச் சாரம், புதுத் துண்டு, தையல் பிசிறு கூடப் போகாத சட்டை.

தலைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரும் தையற்காரரா?"

அங்கேதான் என் தவறின் முழு அளவும் எனக்குத் தெரிந்தது. ஒரு பொய்யான மீனவரை ஒத்துக்கொண்டதும் உண்மையான இருபது பேரும் பொய்யாகிவிட்டார்கள். கழுத்துப்பட்டிக்காரர் அப்பாவின் சட்டை விளிம்பைத் தொட்டுப் பார்த்து, "நாடகக் குழு," என்றார் சிங்களத்தில். குறிப்பெழுதுகிறவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"அப்பா, சொல்லுங்கப்பா," என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? நான் மீனவன் எண்டு என்ட கரையில நிண்டு நான் சொல்ல வேணுமோ?"

அந்த நேரத்தில் கடலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சூசை மாமா கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். எஞ்சின் நின்றுபோய் அவரும் மருமகனும் துடுப்பு வலித்து வந்தார்கள். வள்ளம் விளிம்பு வரைக்கும் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது, அவ்வளவு மீன். கரையடியில் ஓர் அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழ்ந்துவிடும்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இருபது பேரும் ஓடினார்கள். ஓடும்போதே சாரங்கள் விழுந்தன. தலைத்துண்டுகள் பறந்தன. சதுரக் கோட்டுச் சட்டைகள் மணலில் கிடந்தன. உள்ளேயிருந்து செம்மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பந்தாட்ட அணிகள் வெளியே வந்தன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் இரண்டு பக்கமும் தோள் கொடுத்தார்கள். வள்ளம் ஏறுகிற வழியில் தலைவி நின்றார்.

"ஏய் அம்மா! அங்கால! அங்கால போங்க!" அப்பாதான் கத்தினார். கொழும்பிலிருந்து வந்த குழுத் தலைவியை. "காலை முறிச்சுப்போடும்!"

அவர் பாய்ந்து விலகினார். தொப்பி தண்ணீரில் விழுந்தது. கழுத்துப்பட்டிக்காரர் விலகத் தெரியாமல் நின்றார். யாரோ அவர் கையை இழுத்து வள்ளத்தின் விளிம்பில் வைத்து, "தள்ளு மச்சான், பாத்துக்கொண்டு நிக்காத!" என்றார்கள். அவர் தள்ளினார். வள்ளத்தின் பின்பக்கத்தை நான் பார்த்தபோது கடைசித் தோள் ரஹீம் நானாவுடையது. முழங்காலளவு தண்ணீர். கண்களை இறுக மூடியிருந்தார், வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது, ஆனால் தள்ளிக்கொண்டிருந்தார்.

வள்ளம் மணலில் ஏறியது.

சூசை மாமா இறங்கி, விழுந்து கிடந்த சாரங்களைப் பார்த்தார். "என்னடாப்பா, ஆரின்டயும் கலியாண வீடோ?"

தலைவி நனைந்த செருப்போடு வந்து மீனைப் பார்த்தார். அப்பாவின் முதுகிலிருந்த பத்தாம் இலக்கத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "அந்தப் படத்தைப் பற்றி எழுத்தில் விளக்கம் வேண்டும். நாளைக்கே," என்றார்.

எழுதினேன். ஆள் யார், குளம் எது, வலை எந்தப் பாடசாலையுடையது, முடிவு யாருடையது என்று ஒரு பக்கம். பொறுப்பதிகாரி, "இறால் குளத்தையாவது விடுங்க மிஸ்," என்று கெஞ்சினார். விடவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தர நியமனம் ஒரு வருடம் பிந்தியது. கரையில் பதினொரு வள்ளமும் ஏறி நிற்கும் அளவுக்கு ஒரு துண்டு எங்கள் ஆட்களுக்கென்று வரைபடத்தில் ஒதுக்கினார்கள். இந்த மூன்றையும் அதே வரிசையில்தான் நான் எண்ணுவேன், முதல் இரண்டும் மூன்றாவதற்குக் கொடுத்த விலை.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது சிறியது. ஓர் ஊரைக் காட்ட ஒரு படமோ கதையோ கேட்பார்கள். தேடப் புறப்படும் முன் உங்கள் தலைக்குள் ஏற்கனவே ஒரு படம் இருக்கும். அதற்குப் பொருந்தாத ஆளைக் கண்டால் ஆளை மாற்றாதீர்கள். நாம் மாட்டுகிற படம் சுவரோடு நிற்காது. பிள்ளைகளின் தாளுக்கும் குழுவின் கோப்புக்கும் போய், ஒருநாள் உண்மையான ஆளிடமே அடையாள அட்டை கேட்கும்.

ஒதுக்கிய துண்டில் வைக்கும் பலகைக்கும் படம் கேட்டார்கள். குழு வந்த அன்று கரையில் ரொஷான் கமராவைக் கீழே வைக்கவேயில்லை. அவன் எடுத்ததில் ஒன்றைக் கொடுத்தேன். வள்ளம், சுற்றிலும் முதுகுகள். ஒரு முகம்கூடத் தெரியாது. ஓர் ஓரத்தில் தொப்பி மிதக்கிறது.

"இதில ஆர் எண்டு தெரியேல்லையே, மிஸ்," என்றார் பொறுப்பதிகாரி.

படத்தைக் கரைக்குக் கொண்டுபோனேன். ஆட்கள் சுற்றி நின்றார்கள். "மூண்டாவது முதுகு நான்," என்றார் அப்பா. "இந்தக் கால் என்ட," என்றார் இன்னொருவர், காயத்தழும்பைத் தொட்டுக் காட்டி. ஐந்து நிமிடத்தில் எல்லா முதுகுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, பலகையில் படத்துக்குக் கீழே போடக் கொடுத்தேன்.

பொறுப்பதிகாரி பட்டியலை விரலால் தடவி வாசித்தார். கடைசிக்கு முதல் வரியில் கொழும்புக் கழுத்துப்பட்டிக்காரர் பெயர், விருந்தினர் என்று. கடைசி வரியில் விரல் நின்றது.

"ரஹீம், தையற்காரர், முந்தல்," என்று வாசித்தார். "தையற்காரர் எண்டும் போட வேணுமா, மிஸ்?"

"ஓம் சேர்," என்றேன். "அதையும் போட வேணும்."